டிஸ்சார்ஜ் ஆவதற்கு முந்தைய நாள்: வீட்டுக்குப் போகத் தயாராவது எப்படி

"நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும், கூட இருப்பவர்கள் முதலில் செய்வது வீட்டுக்கு போன் போட்டுச் சொல்வதும் பையில் துணிகளை அடுக்குவதும்தான். அந்தச் சந்தோஷத்தில் தப்பே இல்லை, அப்பாவுக்கு முதல் தடவை டிஸ்சார்ஜ் சொன்னபோது நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த 24 மணி நேரத்தில் நர்ஸ்களும் மற்ற ஊழியர்களும் நோயாளிக்கு என்னென்ன செய்கிறார்கள் என்று மணியோடு சேர்த்து எழுதுங்கள்.

காலை 6 மணிக்குப் பிரஷர் பார்த்தார்கள். ஆறரைக்கு விரலில் குத்தி சுகர் பார்த்து இன்சுலின் போட்டார்கள். 7 மணிக்கு யூரின் பையை அளந்து காலி செய்தார்கள். 8 மணிக்கு இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள், அப்போது தலைசுற்றல் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒன்பதுக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டினார்கள். இப்படி எழுதிக்கொண்டே போனால் பக்கம் நிறைந்துவிடும். இவற்றில் பாதியை அதுவரை நாம் கவனித்தே இருக்க மாட்டோம், ஏனென்றால் நாம் கேட்காமலேயே அதெல்லாம் நடந்துகொண்டிருந்தது. நாளைக்குச் சாயங்காலத்திலிருந்து இந்தப் பக்கத்தில் உள்ளதில் பெரும்பகுதி நம் வீட்டு வேலை. டிஸ்சார்ஜுக்குத் தயாராவது என்று நான் சொல்வது, அந்தப் பக்கத்தை வரி வரியாக ஒருவர் பெயரில் எழுதி வைப்பதைத்தான்.

எழுதி முடித்ததும், வார்டில் கொஞ்சம் நெரிசல் குறைந்த நேரமாகப் பார்த்து (ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போய் நிற்காதீர்கள், அப்போது அவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது) நர்ஸிடம் நோட்டைக் காட்டி ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள்: இது வீட்டிலும் தொடர வேண்டுமா, எத்தனை நாளைக்கு, எதை வைத்துச் செய்வது, யார் செய்யலாம்? சில வரிகளை அவர்களே அடித்துவிடுவார்கள், "இது இனிமேல் தேவையில்லை" என்று. மிச்சம் இருப்பதற்கு வீட்டில் ஆள் இருக்கிறதா என்று நீங்கள் யோசிக்க வேண்டும். ராத்திரி 2 மணிக்குப் பாத்ரூம் போகக் கைபிடித்துக் கூட்டிப்போக யார் என்பதுகூட அதில் வரும். ஆள் இல்லை என்றால் அதை இன்றைக்கே டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். "எப்படியோ சமாளித்துக்கொள்வோம்" என்று தலையாட்டிவிட்டு வந்தால், கஷ்டப்படுவது நோயாளிதான். தெரிந்தால் டிஸ்சார்ஜை ஒரு நாள் தள்ளலாம், வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸை ஏற்பாடு செய்யலாம், மருந்தின் வேளைகளைக்கூடச் சில சமயம் மாற்றித் தருவார்கள்.

கையால் செய்து பாருங்கள்

காதால் கேட்டது போதாது. டாக்டர்களும் நர்ஸ்களும் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனடியாக மறந்துபோகிறது, ஞாபகம் இருப்பதாக நினைப்பதிலும் கிட்டத்தட்ட பாதி தவறாக இருக்கிறது என்று 2003ல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரை சொல்கிறது. பதற்றத்தில் இருக்கும் மனிதர்களுக்கு இது நடப்பது இயல்பு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதனால் கட்டு மாற்றுவது, இன்சுலின் போடுவது, மூக்கு டியூப் வழியாக உணவு கொடுப்பது, யூரின் பையைக் காலி செய்வது, படுத்திருப்பவரை ஒருக்களித்துத் திருப்புவது, இதில் எது உங்களுக்கு வந்திருக்கிறதோ அதை டிஸ்சார்ஜுக்கு முன் குறைந்தது இரண்டு தடவையாவது நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்க நீங்களே செய்யுங்கள். முதல் தடவை கை நடுங்கும். வீட்டில் தனியாக நடுங்குவதைவிட இங்கே நடுங்குவது எவ்வளவோ மேல். செய்து முடித்ததும், "நான் புரிந்துகொண்டது இதுதான், சரியா?" என்று உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

உடம்பில் டியூப் எதனுடனாவது வீட்டுக்குப் போவதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேளுங்கள். கத்தீட்டர் (சிறுநீர் வெளியேற வைத்திருக்கும் டியூப்) என்றால் யூரின் பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக்கூடாது, டியூப் எங்கேயும் மடங்கக்கூடாது, பை முழுக்க நிரம்பும் வரை விடாமல் பாதி, முக்கால் ஆகும்போதே காலி செய்ய வேண்டும், தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இதெல்லாம் பொதுவானது. அதை எந்தத் தேதியில் எடுப்பார்கள், எங்கே போய் எடுப்பது என்பதை மட்டும் கேட்டு எழுதாமல் கிளம்பாதீர்கள். அறுவை சிகிச்சை செய்த இடத்தில் வடிகால் டியூப் இருந்தால் தினமும் எவ்வளவு வருகிறது, என்ன நிறம் என்று குறிக்கச் சொல்வார்கள், அதற்கு அளவு போட்ட கப் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரோ மெஷினோ வீட்டுக்கு வருகிறது என்றால் அந்த அறையில் புகை, தீக்குச்சி, அடுப்பு எதுவும் கூடாது.

மருந்துதான் பெரிய வேலை

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் தப்பு நடந்தது இங்கேதான்.

அப்பா நிமோனியாவுக்குப் படுத்திருந்தார். அதற்கு முன்பே பல வருஷமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர். டிஸ்சார்ஜ் ஆனபோது கொடுத்த மருந்துகளிலும் ஒரு பிரஷர் மாத்திரை இருந்தது, வேறு பெயரில், வேறு நிற அட்டையில். புதுசாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள் போல என்று நினைத்து, வீட்டில் இருந்த பழையதையும் இதையும் சேர்த்தே கொடுத்துக்கொண்டிருந்தோம். நாலைந்து நாளில் கட்டிலை விட்டு எழுந்தால் தலை சுற்றுகிறது என்றார். காய்ச்சலால் வந்த அசதி என்று நினைத்தோம். ஒரு நாள் காலையில் எழுந்து வந்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார், கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தது. அன்றைக்குத்தான் அக்கா இரண்டு அட்டைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மேலே பெரிய எழுத்தில் வேறு வேறு பிராண்ட் பெயர். கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில் இரண்டிலும் ஒரே பெயர், அம்லோடிபின் 5 மில்லிகிராம். ஒரே மருந்தை இரண்டு மடங்கு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். டாக்டருக்கு போன் செய்தோம், ஒன்றை நிறுத்தினார், அப்பா தேறிவிட்டார். விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

இது எங்களுக்கு மட்டும் நடப்பதும் அல்ல. வீடு திரும்பிய 400 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சை சார்ந்த ஏதோ ஒரு பாதிப்பு வந்திருந்தது, அதில் மூன்றில் இரண்டு பங்கு மருந்தால் வந்தது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். சீட்டு மட்டும் போதாது, அட்டையோடு, பாட்டிலோடு வரட்டும், சொட்டு மருந்து, இன்ஹேலர், கடையில் தானாக வாங்கிச் சாப்பிடும் சத்து மாத்திரை, மூலிகை மருந்து எல்லாம் சேர்த்து. டிஸ்சார்ஜ் மருந்துப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து டாக்டரோடோ ஆஸ்பத்திரி மருந்தாளுநரோடோ உட்கார்ந்து, அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பார்த்து ஒவ்வொன்றையும் பிரியுங்கள்: எது பழையபடி தொடர்கிறது, எதற்கு அளவு மாறியிருக்கிறது, எது புதுசு, எது நிறுத்தியாகிவிட்டது. நிறுத்தியதில் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதைப் பலரும் கேட்பதில்லை: ஒரேயடியாக நிறுத்தியதா, தற்காலிகமாக நிறுத்தி வைத்ததா? ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையை ஆபரேஷனுக்காக நிறுத்தி வைத்திருப்பார்கள். அதை மறுபடி எந்தத் தேதியில் ஆரம்பிப்பது என்று யாரும் எழுதாமல் விட்டால், நின்றது நின்றபடியே போய்விடும், அதன் விளைவு பக்கவாதமாகக்கூட வரலாம். தேதி வேண்டும், "அப்புறம் சொல்கிறோம்" என்றால் யார், எப்போது சொல்வார்கள் என்று வேண்டும். நிறுத்தியாகிவிட்டது என்று உறுதியான மருந்தை வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள், பெட்டியில் இருந்தால் பழக்கத்தில் கை போகும்.

புது மருந்து ஒவ்வொன்றுக்கும், எதற்காக, எந்தெந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள், ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேளுங்கள். மறந்ததை ஈடுகட்ட அடுத்த வேளை இரண்டாகப் போடுவது பெரும்பாலான மருந்துகளில் கூடாது. சீட்டில் இருக்கும் சுருக்கெழுத்துகளை அங்கேயே அர்த்தம் கேட்டு நம் மொழியில் எழுதிக்கொள்ளுங்கள்: பல இடங்களில் பிடி (BD) என்றால் தினம் இரண்டு வேளை, டிடிஎஸ் (TDS) என்றால் மூன்று வேளை, எச்எஸ் (HS) என்றால் படுக்கப்போகும்போது, எஸ்ஓஎஸ் (SOS) என்றால் தேவைப்பட்டால் மட்டும். இதில் "தேவைப்பட்டால் மட்டும்" என்பது ரொம்ப ஆபத்தான வார்த்தை, எதற்குத் தேவைப்பட்டால், ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை என்று இல்லாமல் அதை விடாதீர்கள். பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் என்பது வழக்கமான உச்ச வரம்பு, மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் பிரச்சினை உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. சளி மாத்திரையிலும் பல வலி மாத்திரைகளிலும் அது கலந்தே இருக்கிறது என்பதால் தெரியாமலே தாண்டிவிடுவது சுலபம். ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளை ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், சிறுநீரகம் அல்லது இதயம் பலவீனமானவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் நன்றாக ஆகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், சில நாட்களுக்கு மேல் சாப்பிட்டதைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள். ட்ரமடால், மார்ஃபின் வகை வலி மருந்துகளுக்கு மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள், மூன்று நாள் கழித்து அவஸ்தைப்பட்டபின் தேட வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். கிளம்பும் முன் மருந்து அத்தனையும் கையில் வந்துவிட்டதா என்று பாருங்கள், முக்கியமாக அன்றைய ராத்திரி வேளைக்கு உரியது. அப்புறம், ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு மருந்தையும் கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று நர்ஸிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் வீட்டுக்கு வந்து, மதிய மாத்திரை கொடுத்தார்களா இல்லையா என்று ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வீடுகள் நிறைய.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

அந்தத் தாள்களைக் கவரில் போட்டு பீரோவில் வைப்பதற்குத் தரவில்லை. பெயர், வயது சரியா, ஆபரேஷன் செய்தது வலதா இடதா, அலர்ஜி இருந்தால் எழுதியிருக்கிறார்களா, மருந்துப் பட்டியல் மேலே நீங்கள் பிரித்த பட்டியலோடு ஒத்துப்போகிறதா, மறுபடி வந்து காட்ட வேண்டிய தேதி, தையல் பிரிக்கும் தேதி இருக்கிறதா, எப்போது உடனே வர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்களா, இவற்றை வார்டிலேயே உட்கார்ந்து பாருங்கள். புரியாத வார்த்தைக்குக் கோடு போட்டுக் கேளுங்கள். அவசரப்படுத்தினாலும் கேளுங்கள், மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இன்னும் வராத பரிசோதனை முடிவு ஏதாவது இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். கல்ச்சர் (கிருமி வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை), பயாப்ஸி (சதைத் துண்டு எடுத்துப் பார்ப்பது) போன்றவற்றின் முடிவு வரப் பல நாள் ஆகும், ஆள் வீட்டுக்குப் போனபின் வரும். டிஸ்சார்ஜ் ஆனவர்களில் 41 சதவீதம் பேருக்கு இப்படி முடிவுகள் பின்னால் வந்ததாக 2005ல் ஒரு ஆய்வு கண்டது, அப்படி வந்த பலவற்றைச் சிகிச்சை செய்த டாக்டர்களே அறிந்திருக்கவில்லை. எந்தப் பரிசோதனை, என்றைக்கு வரும், யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். அந்தத் தேதியில் போன் செய்யுங்கள், அவர்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

ஸ்டென்ட், பேஸ்மேக்கர், செயற்கை மூட்டு என்று உடம்புக்குள் ஏதாவது வைத்திருந்தால் அதற்கு ஒரு அட்டை அல்லது ஸ்டிக்கர் தருவார்கள். பின்னால் எம்ஆர்ஐ எடுக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள், போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் படங்கள், இன்சூரன்ஸுக்கும் விடுப்புக்கும் வேண்டிய சான்றிதழ்கள், ஒரிஜினல் பில்கள் எல்லாம் அன்றைக்கே வாங்கிவிடுவது நல்லது, அப்புறம் அலைய வேண்டியிருக்கும்.

வீட்டை யாராவது முன்னால் போய்ப் பார்க்கட்டும்

நோயாளி வந்து இறங்கும்போது வீட்டைச் சரிசெய்வது வேண்டாம். ஒருவர் முந்தின நாளே போய், கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் நடந்து பார்க்கட்டும், வாக்கர் வைத்து நடப்பவரின் கண்ணோடு. வழியில் கால் தடுக்கும் மிதியடி, குறுக்கே ஓடும் ஒயர், நகர்த்த வேண்டிய நாற்காலி, ராத்திரி எட்டாத ஸ்விட்ச், ஈரமாகவே இருக்கும் பாத்ரூம் தரை எல்லாம் அந்த நடையில் கண்ணில் படும். டேப் வைத்து பாத்ரூம் கதவின் அகலத்தை அளந்து, வாக்கர் அல்லது வீல்சேரின் அகலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு அங்குலம் பத்தாமல் வீல்சேர் வாசலிலேயே நின்றுவிடும் வீடுகள் உண்டு, அப்படி என்றால் கட்டில் பக்கத்தில் வைக்கும் கமோடு நாற்காலியை முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் இரண்டும் முழுசாகத் தரையில் பட வேண்டும், முழங்கால் ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்க வேண்டும். தாழ்வான சோபாவில் உட்கார்ந்தால் எழ முடியாது, கை வைத்த, கெட்டியான நாற்காலி ஒன்று வேண்டும். படுக்கையிலிருந்து கை நீட்டினால் தண்ணீர், போன், கண்ணாடி, ஒரு மணி அல்லது விசில், இவை எட்ட வேண்டும்.

இவ்வளவு பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. படுத்தே கிடந்தால் தசை வேகமாகக் கரைகிறது. நோய் எதுவும் இல்லாத வயதானவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால் தசையில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்திருந்தது. உள்ளே போகும்போது நடந்து போனவர் அதே காலோடு திரும்பி வருவதில்லை. எழும்போது முதலில் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று தெரிந்தபின் நிற்க வேண்டும். கைத்தடியை அடிபட்ட காலின் பக்கம் பிடிப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும், ஆனால் நல்ல காலின் பக்கத்துக் கையில்தான் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் பலவீனமான காலும் முதலில். இதைப் பிசியோதெரபிஸ்ட் இருக்கும்போதே நிஜப் படிக்கட்டில் ஒரு தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிடுங்கள், வீட்டில் படி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எழ முடியாதவரை வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால் படுக்கைப்புண் பற்றித் தனியாகக் கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் படுக்க வைப்பது வழக்கம், குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்கால் அடியில் தலையணை வைப்பது, தினமும் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் இவற்றில் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. அழுத்தம் எடுத்தபின்னும் மறையாத சிவப்பு அல்லது கருமை இருந்தால் அது ஆரம்பம், அப்போதே சொல்லுங்கள்.

கிளம்பும் நாள்

தளர்வான, முன்பக்கம் திறக்கும் உடை. வழுக்காத செருப்பு. ஆபரேஷன் ஆனவர்களுக்கு, புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வலி மருந்து கொடுக்கலாமா என்று கேளுங்கள், வண்டி குலுங்கும்போது அது பெரிய உதவி. வயிற்றில் தையல் இருந்தால் மடியில் ஒரு தலையணை, இருமும்போதும் குலுங்கும்போதும் அணைத்துக்கொள்ள. பயணம் நீளம் என்றால் நடுவில் நிறுத்திக் காலை அசைக்கச் சொல்லுங்கள்.

வார்டை விட்டு வெளியே வரும் முன் இரண்டு கைகளையும் பாருங்கள், ட்ரிப்ஸ் ஏற்றக் குத்திய ஊசிக்குழாய் எடுத்தாகிவிட்டதா என்று. சிரிக்காதீர்கள், அதோடு வீட்டுக்கு வந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். நெஞ்சில் ஒட்டிய ஈசிஜி பட்டைகளும் அப்படித்தான். கட்டில் பக்கத்து மேஜையில் பல்செட், கண்ணாடி, காது மிஷின் மூன்றையும் தேடிப் பாருங்கள், விட்டுவிட்டு வந்தால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

எப்போது உடனே திரும்ப வேண்டும்

பொதுவாக எல்லோரும் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன், உங்கள் நோய்க்கு உரியதை டாக்டரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தாண்டினால். காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினால், சீழ் வந்தால், நாற்றம் வந்தால், நாளாக ஆக வலி குறையாமல் கூடினால், தையல் விட்டால். ஆபரேஷன் காயத்தில் தொற்று முதல் வாரத்தோடு முடிகிற விஷயமில்லை, 30 நாள் வரைக்கும், செயற்கை மூட்டு போன்றவை வைத்திருந்தால் அதற்கு மேலும் வரலாம். சாப்பிட்டது எதுவும் தங்காமல் வாந்தி. 6, 8 மணி நேரமாகச் சிறுநீர் வராதது. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம், ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்கு இந்த ஆபத்து வீடு திரும்பிய பிறகும் 3 மாதம் வரை நீடிக்கிறது, காலைத் தேய்த்துவிடாமல் அன்றைக்கே காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தூக்க முடியாதது, பேச்சு குழறுவது, நிற்காத ரத்தம், எழுப்பினாலும் எழாத தூக்கம், இவற்றுக்கு போன் செய்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இதயம் பலவீனமாகி, உடம்பில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு வீட்டில் ஒரு எடை மெஷின் கட்டாயம். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், எதுவும் சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்து எழுதுங்கள். ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேலோ ஏறினால் அது சதை போட்டதால் இருக்காது, உடம்பில் நீர் சேர்கிறது. மூச்சு வாங்க ஆரம்பிப்பதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும்.

ராத்திரி சந்தேகம் வந்தால் எந்த எண்ணைக் கூப்பிடுவது என்பதை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு, அங்கே நின்றபடியே ஒரு தடவை டயல் செய்து பாருங்கள். எடுக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

முதல் சில வாரங்கள்

சோர்வு நீங்கள் நினைப்பதைவிட அதிக நாள் இருக்கும். குளித்துவிட்டு வந்தாலே படுக்க வேண்டும் போல இருக்கும். ஆஸ்பத்திரியில் தூக்கம் கெட்டு, சரியாகச் சாப்பிடாமல், வலியோடும் பயத்தோடும் கிடந்ததே உடம்பைத் தனியாக ஒரு தடவை உலுக்கிவிடுகிறது. ஹார்லன் க்ரம்ஹோல்ஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவர் 2013ல் இதற்கு ஒரு பெயரே வைத்தார், ஆஸ்பத்திரிக்குப் பிந்தைய நோய்க்குறித் தொகுப்பு என்று. அந்த நாட்டு முதியோர் காப்பீட்டில் இருந்தவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் 30 நாளுக்குள் மறுபடி சேர்க்கப்பட்டதையும், அதில் பலர் முதலில் வந்த நோய்க்காக வராமல் வேறு ஏதோ ஒன்றுக்காக வந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். விழுந்து, தொற்று வந்து, சத்துக்குறைந்து என்று. அதனால் முதல் மாதம் பார்க்க வருபவர்களின் கூட்டத்தைக் குறைத்து, இருமல் சளியோடு வருபவர்களை அன்பாகத் தடுத்து, பகலில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வைத்து, ராத்திரி தூங்க விடுவதுதான் மருத்துவம்.

வயதானவர் சம்பந்தமில்லாமல் பேசினால், பகலையும் ராத்திரியையும் குழப்பினால் "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரியிலேயே தொடங்கிய குழப்பம் வீட்டிலும் சில வாரம் நீடிக்கலாம், ஆனால் புதிதாகத் தொடங்கினாலோ கூடினாலோ தொற்று, மருந்து, நீர்ச்சத்துக் குறைவு என ஒரு காரணம் பெரும்பாலும் இருக்கும். அழுகை, எரிச்சல், எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது இதெல்லாம் இளையவர்களுக்கும் வரும், இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது.

பார்த்துக்கொள்பவரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எல்லா வரியிலும் ஒரே பெயர் எழுதியிருக்கும் நோட்டு பத்து நாள்கூடத் தாங்காது. பெரும்பாலும் அந்தப் பெயர் வீட்டில் ஒரு பெண்ணுடையதாக இருக்கும். வெளியூரில் இருக்கும் அண்ணன் மருந்து தீர்வதைக் கணக்கு வைத்து வாங்கி அனுப்பலாம், டாக்டரிடம் தேதி வாங்கலாம், பில் வேலைகளைப் பார்க்கலாம். வாரத்தில் ஒரு ராத்திரியாவது வேறு ஒருவர் கண்விழிக்கட்டும்.

மறுபடி டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் மருந்துப் பையையும் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் பக்கத்தில் வார்டில் எழுதிய வேலைகள், அடுத்தடுத்த பக்கங்களில் தினசரி சுகர், பிரஷர், எடை, எப்போது வலித்தது, எந்த மருந்து விட்டுப்போனது. கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை மேலேயே எழுதி, நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் அதை மேஜை மேல் திறந்து வையுங்கள்.